பூனைக்கு மருந்து கொடுக்கும் முன்: பனடோல் வேண்டவே வேண்டாம்

லயத்துப் பூனை சும்மா அழகுக்கு வளர்க்கிற பிராணி அல்ல. அரிசிச் சாக்கையும் மா டின்னையும் எலியிடமிருந்து காப்பாற்றுகிற காவல்காரன் அது. எலி குறைந்தால் எலிக்காய்ச்சல் பயமும் கொஞ்சம் குறையும். அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு அடுப்படியில் துணையாக இருப்பதும் பல வீடுகளில் அதுதான். அந்தப் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டால் வீடே ஒரு மாதிரியாகிவிடும். "ஏதாச்சும் மருந்து குடுங்களேன்" என்று பிள்ளைகள் அழுவார்கள். கைக்கு எட்டின மருந்தைக் கொடுக்கத்தான் நமக்கும் தோன்றும்.

பெரும்பாலும் கதை இப்படித்தான் போகிறது.

"அப்பாயி, பூனைக்குக் காய்ச்சல் போல. ஒடம்பு நெருப்பா சுடுது."

"பனடோல் அரைத்துண்டு கரைச்சு ஊத்து புள்ள. நமக்கு நிக்கிற காய்ச்சல் அதுக்கு நிக்காதா?"

பேத்திக்கும் நல்ல மனசு, அப்பாயிக்கும் நல்ல மனசு. ஆனால் அந்த அரைத்துண்டு பனடோல் பூனையைக் கொன்றுவிடக் கூடியது. இது பலருக்கும் தெரியாத விஷயம். ஆகவேதான் இம்முறை பூனைக்கு வீட்டில் மருந்து கொடுப்பது பற்றி எழுதுகிறோம். பிள்ளைகளும் வாசிக்கட்டும், அல்லது வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தச் "சுடுது" என்ற பேச்சைப் பார்ப்போம். நமது உடம்பின் சாதாரண வெப்பம் 98.4 பாகை பரனைட். சுகமாக இருக்கிற பூனைக்கு அது 100.5 முதல் 102.5 பாகை வரை இருக்கும். நமக்கு அந்த அளவு ஏறினால் டிஸ்பென்சரிக்கு ஓடுவோம், பூனைக்கோ அதுதான் இயல்பு. எந்த நல்ல பூனையைத் தொட்டாலும் நமது கைக்குச் சூடாகத்தான் தெரியும். அடுப்போரம் படுத்த பூனை என்றால் சொல்லவே தேவையில்லை. மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்பதைக் கவனித்தால்தான் நோய் தெரியும்.

பனடோல் ஏன் நஞ்சாகிறது?

பனடோலில் இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். நாம் அதை விழுங்கினால் நமது ஈரல் அதை ஒருவகை அமிலத்தோடு சேர்த்துக் கட்டி, சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கட்டுகிற வேலையைச் செய்வதற்கு ஈரலில் ஒரு நொதியம் இருக்கிறது. பூனைக்கு அந்த நொதியம் சரியாக இல்லை. பூனை ஆதியிலிருந்தே இறைச்சி தின்கிற பிராணி. இலை, கிழங்குகளில் இருக்கும் காரசாரங்களை முறிக்கும் தேவை அதற்கு இருக்கவில்லை, அதனால் அந்த வசதி அதன் ஈரலில் இல்லாமல் போயிற்று என்று ஆராய்ச்சியாளர் விளக்குகிறார்கள். வெளியேற வழி இல்லாத மருந்து உள்ளேயே நஞ்சாக மாறி இரத்தத்தைத் தாக்குகிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பு அணுக்கள் கெட்டுப்போகின்றன. மூச்சு நன்றாக விட்டாலும் அந்தக் காற்று உடம்புக்குச் சேராது.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள ஒரு ஆள் இரண்டு பனடோல் போட்டால், அதாவது 1000 மில்லிகிராம், உடம்பின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வருகிறது. நமது லயத்துப் பூனை மூன்று கிலோ இருந்தால் அதிகம். அதற்கு அரைத்துண்டு, அதாவது 250 மில்லிகிராம் கொடுத்தால் கிலோவுக்கு 83 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் போன அளவிலேயே நஞ்சு ஏறிய பூனைகள் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு மாத்திரையை 16 ஆகப் பிட்டு அதில் ஒரு துணுக்கைக் கொடுத்தாலும் ஆபத்துதான். சின்னப் பிள்ளைகளின் பாணி மருந்தும் இதே பரசிட்டமோல்தான். இனிப்பாக இருப்பதால் அது பூனைக்கு நல்லதாகிவிடாது. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்குகிற பல மாத்திரைகளிலும் இது கலந்திருக்கிறது. பூனைக்குப் பரசிட்டமோலில் "கொஞ்சம்" என்று ஒரு பேச்சே கிடையாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில மணித்தியாலங்களிலேயே பூனை சோர்ந்து, வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். வாயைத் திறந்து பார்த்தால் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய முரசு மண்நிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கும். சிறுநீர் கறுத்துப் போகும். இதற்கு மிருக வைத்தியரிடம் மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போனால்தான் பலிக்கும். பனடோல் அட்டையையும் கையோடு கொண்டு போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள், ஏசினாலும் பரவாயில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அந்த உப்பே பூனைக்கு இன்னொரு நஞ்சு.

அஸ்பிரின், புரூபன், டைக்குளோபெனாக் போன்ற உடம்பு வலி மாத்திரைகளும் பூனைக்கு ஆகாதவை. அஸ்பிரின் பூனையின் உடம்பிலிருந்து இறங்க நாள்கணக்காகும். மற்ற இரண்டும் சிறுநீரகத்தையும் குடலையும் பழுதாக்கும். இவற்றில் சிலதை மிருக வைத்தியர் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் சந்தர்ப்பம் உண்டு என்றாலும் அது அவருடைய கணக்கு, நமது கணக்கல்ல. டிஸ்பென்சரியில் நமக்குத் தந்து மிஞ்சிய கெப்சூல்களும் அப்படித்தான்.

தோலில் பூசுவதும் வயிற்றுக்குள்தான் போகும்

பூனை ஒரு நாளில் பல மணித்தியாலம் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. அதன் மயிரில் பட்டது எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் நாக்கில் இருக்கும். இதை மறந்துதான் பலர் சொறிக்கு மண்ணெண்ணெய் பூசுகிறார்கள், லொறி ஓட்டுபவரிடம் கழிவு ஒயில் வாங்கிப் பூசுகிறார்கள். சொறி நாய்க்கே அது வைத்தியமல்ல. பூனைக்கு அது தோலையும் புண்ணாக்கி, நக்கும்போது நுரையீரலுக்குள்ளும் போய்ச் சேரும். காயத்தைக் கழுவ டெட்டோல், லைசோல் போன்ற கிருமிநாசினிகளும் வேண்டாம். அரை லீற்றர் கொதித்து ஆறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்தால் போதும், காயம் கழுவவும் பீளை தள்ளிய கண்ணைத் துடைக்கவும் அதுவே நல்ல மருந்து. கண்ணுக்கு நமது கண் களிம்பைப் போட வேண்டாம். சில களிம்புகள் கண்ணில் புண் இருந்தால் பார்வையையே கெடுத்துவிடும்.

உண்ணி, தெள்ளுக்கு நாய்க்கென்று விற்கும் தூள்களிலும் சொட்டு மருந்துகளிலும் பல பேர்மெத்ரின் என்ற மருந்தில் செய்தவை. நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது. உடம்பு நடுங்கி வலிப்பு வரும். பேன் போகப் பிள்ளைகளின் தலைக்கு வைக்கும் சில மருந்துகளிலும் இதுவே இருக்கிறது. தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, குளிர் படாமல் சுற்றி எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். நாய்க்கு அந்த மருந்து போட்ட அன்று, பூனை அதன் மேல் உரசிப் படுக்கவும் விட வேண்டாம்.

யாரிடம் போவது?

"பூனைக்கெல்லாம் டொக்டரா, ஒரு பேர் போயிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, ஓட்டோவுக்கும் கொடுத்துவிட்டுப் போவது எல்லாராலும் முடிகிற காரியமில்லை. ஆனால் வழிகள் இருக்கின்றன. தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அரச மிருக வைத்திய அலுவலகம் எங்கே என்று தெரிந்திருக்கும். பசுவுக்குச் சினை ஊசி போட ஆள் வருவதும் அங்கிருந்துதான். அதே அலுவலகத்தில் பூனையையும் காட்டலாம். மாட்டுக்காக அவர்கள் தோட்டத்துக்கு வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் பஸ் செலவும் மிச்சம். போவதற்கு முன் டெலிபோனில் பேசி, டொக்டர் இருக்கிறாரா என்று அறிந்து போனால் வீண் அலைச்சல் இல்லை. கண்டிப் பக்கம் போகக் கூடியவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் போதனா மருத்துவமனை இருக்கிறது.

எல்லா நோய்க்கும் ஒரே அவசரம் இல்லை. ஒரு நேரம் சாப்பிடவில்லை என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு நாள் ஒன்றுமே தின்னவில்லை என்றால் காட்டத்தான் வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து அது தனி நோயாகிவிடும், கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கிக் கத்தி, ஒரு சொட்டும் வராமல் இருந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் பூனை செத்துப்போகும்.

பூனையைக் கொண்டு போகப் பழைய கொழுந்துக்கூடை நல்லது. அடியில் ஒரு சாக்குத் துண்டு போட்டு, மேலே துணி கட்டினால் இருட்டில் பேசாமல் இருக்கும். உரம், மருந்து வைத்திருந்த பையில் மட்டும் போட வேண்டாம்.

நிறை தெரியாமல் மருந்து இல்லை

பூனைக்கு மருந்தின் அளவு அதன் நிறையைப் பொறுத்தது. வைத்தியர் முதலில் கேட்பதும் அதைத்தான். "நடுத்தரமா இருக்கும்" என்ற பதில் போதாது. கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, பூனையை ஒரு சுத்தமான பையில் போட்டுத் தராசில் தூக்கிப் பாருங்கள். வெறும் பையின் நிறையைக் கழித்துவிடுங்கள். (அங்கே கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.) பிள்ளைகளை நிறுக்கிற கிளினிக் தராசில் மட்டும் பூனையை வைக்க வேண்டாம். கைக்குழந்தைகள் படுக்கிற இடம் அது. இரண்டு மாதத்துக் குட்டி ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதற்குப் பெரிய பூனையின் மாத்திரையைக் கண் அளவில் பிட்டுக் கொடுப்பது பயங்கரமான வேலை.

இன்னும் இரண்டு விஷயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெண் பூனை என்றால் சினையா, குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்பது ஒன்று. வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் அது இரண்டாவது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தண்ணீர் விட்டுக் கலக்கித் தரும் சில மருந்துப் போத்தல்களைக் குளிரில் வைக்காவிட்டால் பலம் போய்விடும். நமக்கு நுவரெலியாக் குளிராக இருந்தாலும் அடுப்புப் பக்கத்துத் தட்டு குளிர்பெட்டி ஆகாது. சொன்னால் அவர் மாத்திரையாகத் தருவார்.

மாத்திரையை உள்ளே அனுப்புவது

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள். மணிகூட கட்டிவிடலாம், மாத்திரை கொடுப்பதுதான் கஷ்டம்.

முதலில் சாப்பாட்டில் முயற்சி பண்ணுங்கள். சாப்பிடுகிற நிலையில் உள்ள பூனைக்கு இது பெரும்பாலும் சரிவரும். அவித்த மீனையோ டின் மீனையோ பிசைந்து, சுண்டுவிரல் நுனி அளவில் மூன்று உருண்டை பிடியுங்கள். டின் மீன் என்றால் குழம்பைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். முதல் உருண்டை வெறும் மீன். இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதைக் கண்ணுக்கு முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். பசியோடு இருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றில் மாத்திரையைத் தூளாக்கிக் கலந்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. பாதியைத் தின்றுவிட்டுப் போகும், எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கசப்புப் பட்டுவிட்டால் அந்தக் கோப்பையையே பிறகு திரும்பிப் பார்க்காது. சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது என்பதால், உடைக்கலாமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பாலில் கரைத்துக் கொடுப்பதும் நம்மிடம் உள்ள பழக்கம். டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகளைப் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காமல் வயிற்றாலும் போகும்.

சாப்பாட்டில் எடுக்காத பூனைக்கு வாயைத் திறந்துதான் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்: உறையிலிருந்து எடுத்த மாத்திரை, ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு துண்டு மீன். பூனையைப் பிடித்துக்கொண்டு "மாத்திரை எங்கடி வச்ச?" என்று தேடினால் பூனையும் போய்விடும், அடுத்த முறை உங்கள் காலடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் ஒளியும். கதவைச் சாத்துங்கள். பிள்ளைகளின் சத்தம் வேண்டாம்.

பழைய துவாயையோ தடித்த சாரத்தையோ மேசையில் விரித்து, பூனையை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுங்கள். தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும், நான்கு காலும் உள்ளே. நகத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. இறுக்கி நெரிக்கவும் வேண்டாம், மூச்சு விட வேண்டும். பிடிப்பவர் பூனையின் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும். முகத்துக்கு நேரே நின்று செய்தால் பூனை பின்னால் பின்னால் போகும். பின்பக்கமிருந்தோ பக்கத்திலிருந்தோ செய்வதே சரி.

கொடுப்பவர் இடக்கையை மேலிருந்து பூனையின் தலையில் வைத்து, பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு கன்ன எலும்பிலும் படும்படி பிடித்து, மூக்கு கூரையைப் பார்க்கும்படி தலையை மெதுவாக உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தும்போதே கீழ்த்தாடை சற்றுத் தளரும். வலக்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாத்திரை இருக்கட்டும். நடுவிரலால் கீழே முன்னால் உள்ள சின்னப் பற்களை அழுத்தினால் வாய் திறக்கும். மாத்திரையை நாக்கின் நடுவே, எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் போட்டுவிட்டு உடனே கையை எடுங்கள். முன்னால் விழுந்தால் துப்பிவிடும். வாயை மூடிப் பிடித்து, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையை மெதுவாகத் தடவுங்கள். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

இத்தோடு வேலை முடியவில்லை. அநேகர் விட்டுவிடுவது இதற்கு அடுத்ததைத்தான். வெறுமனே விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடும். டொக்சிசைக்கிளின் அப்படி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கி, ஆறும்போது குழாயே சுருங்கிப்போகும். பிறகு சாப்பாடு இறங்காது. ஆகவே மாத்திரைக்குப் பின்னால் 5 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அல்லது ஈரமான மீன் துண்டைத் தின்ன விடுங்கள். மீன் என்றால் பூனைக்கும் ஒரு சமாதானம்.

மூன்று முறை முயன்றும் முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்கலாம். கோபம் ஏறிய பூனையோடு மல்லுக்கட்டி யாரும் வென்றதில்லை. நுரை நுரையாக எச்சில் வடித்தால் பயப்பட வேண்டாம், கசப்புக்குப் பூனை அப்படித்தான் செய்யும். துப்பிய மாத்திரையைக் கண்டால் திரும்பக் கொடுக்கலாம். உள்ளே போனதா இல்லையா என்று சந்தேகம் என்றால் இன்னொன்று கொடுக்காமல் அடுத்த வேளை வரை பொறுங்கள், அல்லது டெலிபோனில் கேளுங்கள்.

தண்ணி மருந்துக்கு முறை வேறு. தலையை உயர்த்தவே கூடாது. உயர்த்தினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய் சளி கட்டிவிடும். தலை நேராக இருக்க, நீண்ட கோரைப் பல்லுக்குப் பின்னால் கன்னத்துப் பக்கம் உள்ள இடைவெளியில் சிரிஞ்ச் நுனியை வைத்து, அரை மில்லிலீற்றராக விட்டு, விழுங்க விட்டு, மறுபடி விடுங்கள். கரண்டியால் ஊற்றினால் அளவும் தவறும், பாதி சட்டையில்தான் இருக்கும். சிரிஞ்ச் பாமசியில் மலிவாகக் கிடைக்கும்.

ஐந்து நாளைக்கு, ஏழு நாளைக்கு என்று தந்த மருந்தை, பூனை எழுந்து ஓடுகிறது என்பதற்காக மூன்றாம் நாளே நிறுத்திவிட வேண்டாம். பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வேளை, பின்னேரம் வந்து ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கலண்டரில் கோடு போடுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். மருந்து கொடுக்கும் வேலை பெரியவர்களுடையது.

பூச்சி மருந்து

நோய் இல்லாத பூனைக்கும் கொடுக்க வேண்டியது பூச்சி மருந்துதான். குட்டிக்கு மூன்று வாரம் ஆனதிலிருந்து பால்குடி மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, வளர்ந்த பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. பூனையின் வட்டப்புழு முட்டை மண்ணில் கிடந்து பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும் என்பதால் இது பூனைக்கு மட்டுமான வைத்தியம் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த பூச்சி மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுக்க வேண்டாம், மருந்தும் வேறு, அளவும் வேறு. பூனையின் பின்பக்கத்தில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு, தெள்ளிலிருந்து வருவது. தெள்ளையும் ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். கர்ப்பிணித் தாய்மார் பூனை மலத்தை அள்ளுகிற வேலையை வேறு ஒருவரிடம் விட வேண்டும், இதை மிட்வைப் அம்மாவும் சொல்லியிருப்பார்.

கையை வைக்கக் கூடாத பூனை

விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும், பூனை கடித்தும் வரும். சாதுவான பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிறது, குரல் மாறிக் கத்துகிறது, எச்சில் வடிகிறது, தாடை தொங்கி வாய் மூட முடியாமல் இருக்கிறது என்றால் அதன் வாய்க்குள் விரலை விடவே கூடாது. "தொண்டையில முள்ளு சிக்கிருச்சு, எடுத்து விடுவோம்" என்று நினைப்பது இந்த இடத்தில்தான். அப்படிப்பட்ட பூனையை ஒரு அறையில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆட்கள் தோட்டத்துக்கு வரும் நாளில், பூனையையும் கூடையில் வைத்துக் கொண்டு போய் அதற்கும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து கொடுக்கும்போது எந்தப் பூனை கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பீலியடியே போதும். மஞ்சள், தேயிலைத்தூள், எலுமிச்சை எதுவும் வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பூனையின் பல் ஊசி போல; மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்துக்குப் போயிருக்கும், மறுநாளே கை வீங்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கடித்தது வீட்டுப் பூனையா, தடுப்பூசி போட்டதா என்பதைச் சொல்லுங்கள். விசர் தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். தேவையா இல்லையா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். கடித்த கோபத்தில் பூனையை அடித்துக் கொன்று புதைத்துவிட வேண்டாம். அது உயிரோடு இருந்து, டொக்டர் சொல்லும் நாள் வரை கவனிக்கப்பட்டால்தான் உங்களுக்கு எத்தனை ஊசி தேவை என்பது சரியாகத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பூனையின் மருந்தை வீட்டு மருந்துகளோடு ஒரே டின்னில் வைக்க வேண்டாம். உறையின் மேல் "பூனை" என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் தனியாக வையுங்கள். எழுத்துத் தெரியாத தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் ஒரு பூனைப் படம் கீறி ஒட்டிவிடுங்கள்.